வயலுக்குத் திரும்பிய பாடகர்கள்

மார்கழி பிறந்தால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் சபாக்களின் விளம்பரப் பலகைகள் எழுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் பெரிய எழுத்தில் நிற்கிறது. அதன் கீழே, கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் எழுத்தில், வயலின், மிருதங்கம், கடம் என்னும் சொற்களுக்கு எதிரே இன்னும் இரண்டு மூன்று பெயர்கள். எழுத்தின் அளவே ஊதியத்தின் அளவு என்பதை இசையுலகோடு பழகியவர் அனைவரும் அறிவர். அறிந்தும் பேசாதிருக்கின்றனர். அந்த மௌனத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கருநாடக இசைக் கச்சேரியைப் பற்றிக் கத்தோலிக்க ஏட்டில் ஏன் பேசவேண்டும் என்று சிலர் வினவலாம். 1516ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டைத் தாங்கி நிற்கும் பிரகாச மாதா ஆலயமும் சபாக்களும் ஒரே மயிலையில்தான் இருக்கின்றன. அம்மேடைகளில் ஒலிக்கும் வயலின் ஐரோப்பியரோடு நம் கரைக்கு வந்து, முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரின் கையில் தமிழ் மண்ணின் கருவியாயிற்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளை என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயற்றிய கீர்த்தனைகள் சமய எல்லைகளைக் கடந்து பாடப்பட்டன. இவை ஒருபுறம் இருக்க, கூலி பற்றிய கேள்வி எழும் இடமெல்லாம் திருச்சபைக்குரிய இடமே. 1891இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளரின் நியாயக் கூலிக்காகக் குரல் கொடுத்தபோது, மிருதங்கம் வாசிப்பவருக்கு அதில் விலக்கு அளிக்கவில்லை.

பக்கவாத்தியக் கலைஞரின் பணி எத்தகையது? மேலைநாட்டு நால்வர் குழு ஒன்று மேடையேறுமுன் எழுதப்பட்ட இசைத்தாளை முன்வைத்துப் பல நாள் ஒத்திகை பார்க்கிறது. நம் கச்சேரியிலோ பெரும்பாலும் ஒத்திகையே இல்லை. பாடகர் எந்த இராகத்தை எடுக்கப்போகிறார், எந்த இடத்தில் நிரவல் செய்யப்போகிறார் என்பது வயலின் கலைஞருக்குப் பல வேளைகளில் மேடையிலேதான் தெரிகிறது. பாடகரின் ஒவ்வொரு பிடியையும் கேட்ட மறுகணமே நிழல்போல் தொடரவேண்டும். தம் முறை வரும்போது அதே இராகத்தைத் தம் கற்பனையால் விரிக்கவேண்டும். பாடகரை விஞ்சிவிட்டார் என்னும் பெயரும் எடுக்கக்கூடாது. மிருதங்கக் கலைஞர் பாட்டின் நடையைக் காத்து, கணக்குத் தவறாமல் இரண்டரை மணி நேரம் உழைத்து, தனி ஆவர்த்தனம் வரும்வரை காத்திருக்கிறார். அது தொடங்கியதும் அவையில் ஒரு பகுதி எழுந்து சிற்றுண்டிச்சாலை நோக்கி நடக்கிறது. பதினைந்து ஆண்டுப் பயிற்சிக்கு நாம் தரும் மரியாதை இதுவா?

இந்த ஏற்றத்தாழ்வு நேற்றுத் தோன்றியதன்று. சென்னை மியூசிக் அகாதெமி 1928இல் தொடங்கப்பட்டது. அங்கே சங்கீத கலாநிதி என்னும் பட்டம் முதன்முதலாக ஒரு மிருதங்கக் கலைஞருக்குக் கிடைத்தது 1966இல்தான். அவர் பாலக்காடு மணி ஐயர். எத்தனையோ பாடகர்களின் கச்சேரிகளைத் தூக்கி நிறுத்திய கருவிக்கு அந்தத் தலைமை இருக்கை கிட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. மணி ஐயர் போன்ற மேதைக்கே இந்த நிலை எனில், பிற்பகல் இரண்டு மணிக்குக் காலி நாற்காலிகளுக்கு முன்னே வாசிக்கும் இளைஞரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, இந்த அநீதிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, 'கலை ஒரு தொண்டு; தியாகராசர் அரண்மனைப் பொருளை மறுத்து உஞ்சவிருத்தி எடுத்து வாழவில்லையா?' என்பது. தியாகராசர் தம் வறுமையைத் தாமே தேர்ந்துகொண்டார். சபாச் செயலாளர் எவரும் அதை அவர்மேல் சுமத்தவில்லை. துறவற ஏழ்மை எவ்வளவு தூயது என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால் ஏழ்மை வாக்கை ஒருவர் தமக்காக மட்டுமே கொடுக்கமுடியும், அடுத்தவருக்காகக் கொடுக்கமுடியாது. பிறர் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயரிடுவது பக்தியாகாது.

இரண்டாவது, 'மேடை தருகிறோமே, அதுவே ஊதியம்' என்பது. மேடை ஒரு வாய்ப்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாய்ப்பைக் கொண்டு வாடகை கட்டமுடியுமா? மயிலாப்பூரில் வீட்டு வாடகை என்னவென்று அங்கு வாழும் நம் இறைமக்களுக்குத் தெரியும். மேலும், அந்த வாய்ப்பைப் பெறுவதற்கே சில இடங்களில் கலைஞரிடம் 'நன்கொடை' எதிர்பார்க்கப்படுகிறது என்னும் பேச்சு இசையுலகில் நெடுநாளாக உலவுகிறது. அது எங்கு உண்மையோ, அங்கு வேலை செய்தவரே கூலி கொடுக்கும் விந்தை நடக்கிறது என்றே சொல்லவேண்டும்.

மூன்றாவது, 'பணம் இல்லை; இரசிகர்கள் சீட்டு வாங்குவதில்லை' என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. பகல் நேரக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். மாலைக் கச்சேரிகளுக்கு மட்டுமே கட்டணம். ஆனால் அதே வளாகத்துச் சிற்றுண்டிச்சாலையைப் பாருங்கள். விலைப்பட்டியல் தொங்குகிறது, எவரும் பேரம் பேசுவதில்லை, தோசைக்காக வரிசையில் நிற்கின்றனர். தோசைக்கு விலை உண்டு, தோடிக்கு விலை இல்லை என்னும் பழக்கத்தை இரசிகர்களுக்குக் கற்பித்தவர் யார்? பந்தல்காரரும் ஒலிபெருக்கிக்காரரும் அச்சகத்தாரும் தத்தம் தொகையைப் பெற்றுக்கொண்டே செல்கின்றனர். பணம் இல்லை என்னும் செய்தி கலைஞரின் முறை வரும்போது மட்டும் நினைவுக்கு வருவதேன்?

நான்காவது, 'கூட்டம் வருவது பாடகருக்காக. எனவே அவருக்கே பெரும்பங்கு' என்பது. எல்லாருக்கும் சமமான தொகை என்று நாம் வாதிடவில்லை. பேரும் அனுபவமும் மிக்கவர் கூடுதலாகப் பெறட்டும். நாம் கேட்பவை மூன்று. தொகை முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். கச்சேரி முடிந்த அன்றே கையில் சேரவேண்டும். ஒரு குடும்பம் மானத்தோடு வாழப் போதுமானதாக இருக்கவேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாத கோரிக்கையும் அன்று. சாந்தோம் பேராலயத்திற்கு அருகே, கடற்கரைச் சாலையில் உள்ள சென்னை வானொலி நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 1938இல் தோன்றிய அந்நிலையம் பாடகரைப் போலவே பக்கவாத்தியக் கலைஞரையும் தேர்வு செய்து தரம் பிரிக்கிறது. அத்தரத்திற்குரிய தொகை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கிறது. நிலைய வித்துவான் என்னும் மாதச் சம்பளப் பதவி ஒரு தலைமுறைக் கலைஞர்களுக்குச் சோறும் மதிப்பும் தந்தது. அத்தகைய பதவிகள் இன்று அருகிவிட்டன. அவற்றின் இடத்தை நிரப்ப எவரும் முன்வரவில்லை.

திரையிசை கைகொடுக்காதா எனலாம். கொடுத்த காலம் ஒன்று உண்டு. மயிலாப்பூரில் வாழ்ந்த தன்ராஜ் மாஸ்டரிடம் மேலையிசை கற்ற பலர் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பிழைத்தனர்; இளையராஜாவும் அவரிடம் பயின்றவரே. அன்று ஒரு பாட்டுக்கு வயலின் கலைஞர்கள் வரிசை வரிசையாக அமர்ந்து வாசித்தனர். 1992இல் 'ரோஜா' வெளிவந்த பின், கணினியும் மின்னணு இசைக்கருவியும் அந்த வரிசைகளை வேகமாகச் சுருக்கின. கருவியை நாம் பழிக்கவில்லை; புதுமை வரத்தான் செய்யும். ஆயின் அதனால் வேலையிழந்தவருக்கு யார் பொறுப்பு என்று அன்றும் எவரும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. கச்சேரி மேடையிலும் தம்புரா மீட்ட அமர்ந்த மனிதரின் இடத்தில் இன்று பல வேளைகளில் ஒரு மின்பெட்டி அமர்ந்திருக்கிறது.

மேடையில் பெயர்கூடச் சொல்லப்படாதவர் இன்னும் கீழே இருக்கின்றனர். பலாமரத்தைக் குடைந்த உடலின்மேல் பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோலைப் பதப்படுத்திப் பொருத்தினால்தான் மிருதங்கம் பேசும். அந்தத் தோலைத் தேர்ந்து, மூட்டி, நாதம் கூட்டும் கைகள் பெரும்பாலும் தலித் மக்களின் கைகள். அவர்களுள் கிறித்தவர் பலர். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களுக்கு நாதம் தந்தவர் தஞ்சையின் செபாஸ்டியன் குடும்பத்தில் வந்த பர்லாந்து. இக்குடும்பங்களின் வரலாற்றைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் நூலாக 2020இல் வெளியிட்டார். அதன் வெளியீட்டு விழாவுக்குத் தந்த அரங்க அனுமதியைத் திருவான்மியூர் கலாசேத்திரம் திரும்பப் பெற்றதும், விழா தரமணியில் நடந்ததும் நாடறிந்தவை. கருவியின் ஒலி அரங்கிற்குள் செல்லலாம், அதைச் செய்தவரின் கதை செல்லக்கூடாது என்பது என்ன நீதி? பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியபடி, உடலின் வலுவற்ற உறுப்புகளே மிகத் தேவையானவை எனில், இந்த உடலில் அவர்களுக்குரிய மதிப்பு எங்கே?

சபாக்களை மட்டும் சாடிவிட்டு நம் ஆலயங்களைத் தப்பவிடுவது நேர்மையாகாது. திருமணத் திருப்பலிக்கு மலர் அலங்காரம் செய்பவருக்கும் ஒளிப்படக்காரருக்கும் விருந்து சமைப்பவருக்கும் முன்பணம் தரப்படுகிறது. பீடத்தருகே விசைப்பலகை வாசிப்பவருக்கும் தபேலாக் கலைஞருக்கும் கடைசியில் ஓர் உறை. உள்ளே என்ன இருக்கும் என்பது திறக்கும்வரை இரகசியம். பங்குத் திருவிழாக்களிலும் இதே கதை. பங்குமக்கள் தாமாக முன்வந்து ஞாயிறு தோறும் பாடுவது வேறு. அது அவர்களின் காணிக்கை. இசையையே வாழ்வாகக் கொண்டவரை அழைத்துவிட்டு, 'கோவிலுக்குத்தானே' என்று குறைப்பது வேறு. மறுக்க இயலாதவரிடம் பெறுவதைக் காணிக்கை என்று எண்ணுவது தவறு. திருவழிபாடு பற்றிய சங்க ஏடு 1963இல் திருச்சபையின் இசையை மதிப்பிற்கரிய செல்வம் எனப் போற்றியது. மறைபரப்பு நாடுகளின் இசை மரபுக்கும் உரிய மதிப்புத் தரப் பணித்தது. செல்வத்தைப் போற்றிவிட்டு அதைச் சுமப்பவரைப் பட்டினி போடலாமா?

நெகேமியா நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தை வாசகர்கள் எடுத்துப் பார்க்கவேண்டும். எருசலேமுக்குத் திரும்பிவந்த நெகேமியா ஒரு செய்தி அறிகிறார். லேவியருக்கும் பாடகருக்கும் உரிய பங்கு தரப்படவில்லை; அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் வயலுக்குப் போய்விட்டனர். நம் பாடகரும் வாத்தியக்காரரும் ஓடிச் சேரும் வயல் எது? தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் உயர்ந்து நிற்கும் கணினி நிறுவனங்களே. பகலெல்லாம் திரையைப் பார்த்து உழைத்து, இரவில் களைத்த விரல்களால் சாதகம் செய்யும் கலைஞர் எத்தனை பேர்! வேலை பார்ப்பது இழிவன்று. ஆனால் முழுநேரம் இசைக்கு வாழத் தகுந்தவரை அரைநேரக் கலைஞராக்கிய இழப்பு யாருடையது? 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இசைக் கலைஞர் வாழ முடியாத ஊருக்கு அப்பட்டம் எத்தனை நாள் பொருந்தும்? அமெரிக்கப் பயணங்கள் ஒருசிலரைக் காக்கின்றன, எஞ்சியோர்?

நெகேமியா அடுத்துச் செய்ததும் கவனிக்கத்தக்கது. அவர் பாடகர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பக்தி குறைந்துவிட்டது என்று புலம்பவுமில்லை. அலுவலர்களைக் கண்டித்தார். போனவர்களை அழைத்துவந்து அவரவர் இடத்தில் நிறுத்தினார். அதன் பின்னரே மக்கள் தானியத்தையும் இரசத்தையும் எண்ணெயையும் கொண்டுவந்தனர். அவற்றைப் பங்கிட நம்பிக்கைக்குரியவர்களை நியமித்தார். முதலில் பணம் வரட்டும், பிறகு நீதி செய்வோம் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஆகவே நம் பங்குப் பேரவைகள் முதலில் செய்யட்டும். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அழைக்கும் இசைக் கலைஞருக்குரிய தொகையை எழுத்தில் முடிவு செய்யுங்கள். நிகழ்ச்சி நின்றுபோனாலும் ஒரு பகுதியைத் தாருங்கள். கதிரவன் மறையுமுன் அன்றாடக் கூலியைக் கொடுக்கச் சொல்லும் இணைச்சட்ட நூலின் கட்டளையைப் பின்பற்றுங்கள். அழைப்பிதழில் எல்லாப் பெயர்களையும் ஒரே அளவில் அச்சிடுங்கள். கருவி செய்தவரின் பெயரையும் ஒரு முறையேனும் அவையில் சொல்லுங்கள். சபாக்களுக்குச் செல்லும் நம் இல்லறத்தார் கட்டணம் கொடுத்துக் கேட்கட்டும். தனி ஆவர்த்தனத்தின்போது அமர்ந்திருக்கட்டும். மிருதங்கக் கலைஞருக்கு என்ன தருகிறீர்கள் என்று செயலாளரிடம் மரியாதையோடு, ஆனால் தயங்காமல் கேட்கட்டும். அறுவடை செய்தோரின் கூலியைப் பிடித்துக்கொண்டால் அக்கூலியே கூக்குரலிடும் என்று புனித யாக்கோபு எச்சரித்தார். அந்தக் கூக்குரல் கலைந்த அரங்கில் வாத்தியத்தை உறையிலிட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்துக் கட்டணத்தை எண்ணிப் பார்க்கும் கலைஞரிடமிருந்தும் எழுகிறது. சுருதி சுத்தமாகக் கேட்கப் பழகிய செவிகள் அதையும் கேட்கட்டும்.