இருட்டில் நெடிது வளரும் பயறு

கீழ்வகுப்பு மாணவர்க்கு விஞ்ஞானம் கற்பிக்கும் நூல்களில் தவறாது இடம்பெறும் சோதனை ஒன்று உண்டு. இரண்டு தொட்டிகளில் பயறு விதைக்க வேண்டும். ஒன்றைச் சாளரத்தின் அருகிலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைக்க வேண்டும். பத்து நாள் கழித்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். செடி வளர்வதற்குச் சூரிய ஒளி தேவை என்பது இதனால் விளங்கும் என்று நூல் கூறி முடிக்கும்.

உண்மையில் விளங்குவது அதுவன்று. அலமாரியைத் திறந்து பார்க்கும் சிறுவன் காண்பது, வெயிலில் நின்ற செடியைவிட ஏறக்குறைய இரு மடங்கு நீண்டு, வெளிறி, மெலிந்து நிற்கும் செடியையே. அளவுகோல் கொண்டு அளந்தால் இருட்டுச் செடிக்கே வெற்றி. "வளர்வதற்கு ஒளி தேவை" என்ற வாக்கியத்தையும் தன் கண் கண்டதையும் அவன் எவ்விதம் பொருத்துவான்? பெரும்பாலும் பொருத்துவதில்லை. நூலில் உள்ளதைக் குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண் பெறுகிறான்; கண்டதை மறந்துவிடுகிறான். கையால் செய்து கற்கும் கல்வி என்று நாம் பெருமையுடன் கூறுவது, இவ்விடத்தில், கண்ணை நம்பாதே என்று கற்பிக்கும் கல்வியாக முடிகிறது. சோதனை செய்யாமலே இருந்திருந்தால் இத்தீங்கு நேர்ந்திராது.

இதற்கு ஆசிரியரைக் குறை கூறுவது நியாயமன்று. நாற்பது நிமிடப் பாடவேளையில், நூல் தந்த முடிவுக்கு மாறான முடிவை விளக்கப் புகுவது எளிதன்று. குறை, "வளர்ச்சி" என்ற ஒரே சொல்லில் இரு வேறு செய்திகளை அடைத்து வைத்த நூலாசிரியர்களுடையது; அந்நூல்களைப் பெயர்த்து எழுதும் எம் போன்றோர்க்கும் அதில் பங்குண்டு. தண்டு நீளுதல் ஒன்று. உடற்பொருள் பெருகுதல் மற்றொன்று. மண்ணுக்கடியில் புதைந்த விதை, தன்னிடமுள்ள சேமிப்பு தீருமுன் ஒளியை எட்டிவிட வேண்டும். அதன்பொருட்டு இலையையும் பசுமையையும் ஒத்திவைத்து, உள்ளதனைத்தையும் தண்டை நீட்டுவதிலேயே செலவிடுகிறது. அலமாரிக்குள் இருக்கும் பயறு, தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே நடந்துகொள்கிறது. அது வளர்வதில்லை, செலவழிகிறது.

இதனைச் சிறுவர்க்குக் காட்ட ஒரு தராசு போதும். நூறு விதைகளை நிறுத்துக்கொண்டு, கழுவிய மணலில் விதைத்து, ஒரு பாதியை வெளிச்சத்திலும் மறு பாதியைக் கவிழ்த்த மண்பானையின் கீழும் வைத்து, இரண்டுக்கும் ஒரே அளவு நீர் ஊற்ற வேண்டும். இரு வாரங்களுக்குப் பின் வேரோடு பிடுங்கி, மணலைக் கழுவி, மொறுமொறுவென்று ஆகும்வரை உலர்த்தி நிறுக்க வேண்டும். நெடிதாக நின்ற இருட்டுச் செடிகள், தாம் பிறந்த விதைகளின் எடைகூட இல்லாமல் குறைந்திருக்கும்; சுவாசத்தில் எரிந்தது போக எஞ்சியதே அவ்வளவு. குட்டையாக நின்றவை கனத்திருக்கும். இந்த இரு எண்களையும் தானே எழுதிய சிறுமிக்கு ஒளியின் பணியைப் பற்றி வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

திருவனந்தபுரம் மாவட்டத்தில், நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் அமைந்துள்ள போனக்காட்டை நினைத்துக்கொண்டே இதனை எழுதுகிறோம். நாளிதழ்கள் அவ்வூரைக் குறிப்பிடுவது பெரும்பாலும் பாழடைந்த பங்களாவையும் அதில் உலாவுவதாகச் சொல்லப்படும் பேயையும் பற்றியே. பேயைத் தேடி மலையேறும் இளைஞர்கள் வழியில் இருபுறமும் நிற்கும் உண்மையான அதிசயத்தைக் கவனிப்பதில்லை என்பது நம் வருத்தம். தோட்டத் தொழில் நலிந்து, ஆலை ஓய்ந்தபின், கவாத்து செய்யப்படாத தேயிலைச் செடிகள் மரங்களாகிவிட்டன. இடுப்பளவில் மேசைபோல் வெட்டி நிறுத்தப்பட்டிருந்தவை, கத்தி ஓய்ந்ததும் ஒன்றையொன்று முந்தி ஒளியை நோக்கி எழுந்தன. செடி எதை நாடுகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய பாடப்படம் எந்தப் பள்ளிச் சுவரிலும் இல்லை.

தேயிலைத் தோட்டத்துக்கும் இப்பாடத்துக்கும் மற்றுமோர் உறவுண்டு. கவாத்து செய்த செடியில் ஓர் இலைகூட மிஞ்சாது. அது மீண்டும் தளிர்ப்பது வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தின் பலத்தால். ஆதலின் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கவாத்துக்கு முன் பென்சில் பருமனுள்ள வேரை வெட்டி அயோடின் கரைசல் தடவிப் பார்க்கும் வழக்கம் உண்டு. நீலம் கறுத்து ஓடினால் சேமிப்பு உள்ளது, வெட்டலாம். வெளிறியிருந்தால் செடியைச் சில வாரங்கள் ஓய்வாக விடவேண்டும். ஜெர்மானிய தாவரவியலார் ஜூலியஸ் சாக்ஸ் 1860களில் இலையில் கண்ட அதே நீலம் இது. ஏழாம் வகுப்பில் செம்பருத்தி இலையைச் சாராயத்தில் கொதிக்கவைத்துக் காட்டும் சோதனைக்கு முன், சிறுவர்க்கு இந்த வேர்ச் சோதனையைக் காட்டுவது மேல். நெருப்பும் இல்லை, சாராயமும் இல்லை. தோட்டத்துப் பிள்ளையின் பாட்டனுக்கும் தெரிந்த செய்தி. சாராயச் சோதனையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து ஆசிரியரே செய்து காட்ட வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுக்கலாகாது.

வீட்டில் உள்ளதைப் பள்ளி அறியாமலிருப்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டு முளைப்பாரி. மாரியம்மன் திருவிழாவுக்காக நவதானியங்களை இருட்டறையில் முளைக்க வைத்து, பொன்னிறத்தில் நெடிது வளர்ந்தபின் தலையில் சுமந்து செல்லும் வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உண்டு. ஒளி மறைத்தால் பயிர் மஞ்சளாக நீளும் என்பதைத் தாய்மார்கள் நன்கறிவர். நூலில் தோற்ற சோதனை அவர்கள் கையில் தோற்றதே இல்லை! அம்முளைப்பாரியைத் திருவிழா முடிந்தபின் இரண்டு நாள் வெயிலில் வைத்தால் பசுமை ஏறும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எட்டு வயதுக் குழந்தைக்கு ஒரு வாரப் பாடம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தேயிலைத் தொழிலுக்காக மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழ்நாட்டு நூல்களில் "ஒளிச்சேர்க்கை", இலங்கை நூல்களில் "ஒளித்தொகுப்பு", மலையாளத்தில் "பிரகாசசம்ஸ்லேஷணம்". நம் "பச்சையம்" அங்கே "ஹரிதகம்". மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோர்க்கு இச்சொற்கள் மூன்றும் ஒன்றே. சிறுவர்க்கு அவ்வாறன்று. "ஒளிச்சேர்க்கை" என்றதும் செடி ஒளியைச் சேர்த்து உண்கிறது என்று கொள்வது இயல்பு. ஒளியும் உரம்போல ஒரு பொருள் என்று நினைக்கத் தொடங்குவர். ஒளி செங்கல் அன்று, கொத்தனாரின் உழைப்பு. செங்கற்கள் காற்றிலுள்ள கரியமிலவாயுவும் நீரும். இவ்வகையில் தொகுப்பு என்ற இலங்கைச் சொல் நமதைவிட நேரானது என்பது எம் கருத்து. ஆயினும் வேரூன்றிய சொல்லைப் பிடுங்குவதற்கில்லை. சொல் வருமுன் செய்கை வந்துவிட்டால், எந்த மொழியில் பெயரிட்டாலும் பிள்ளைக்குப் பொருள் மாறாது. பெயரை முதல் நாள் கரும்பலகையில் எழுதுவதைவிடப் பத்தாம் நாள் எழுதுவது நன்று.

மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்ற வினாவை உலகம் விடுவிக்க எத்தனை காலமாயிற்று என்று எண்ணிப் பார்த்தால் சிறுவரிடம் பொறுமை காட்டத் தோன்றும். வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு மண்ணில் வில்லோக் கன்று ஒன்றை நட்டு ஐந்தாண்டு நீர் ஊற்றினார். மரம் 160 பவுண்டுக்கு மேல் கூடியது, மண் குறைந்தது சில அவுன்ஸே. அனைத்தும் நீரால் வந்தது என்று அவர் முடிவு செய்தார். அவர் மறைந்தபின் 1648ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. செடி காற்றைத் தூய்மை செய்வதை 1771இல் பிரீஸ்ட்லி கண்டார். அதற்கு ஒளி வேண்டும், பசுமையான பாகமே அதைச் செய்யும் என்று 1779இல் இஞ்சென்ஹவுஸ் காட்டினார். வெளிவரும் பிராணவாயு நீரிலிருந்தே வருகிறது என்பது உறுதியானதோ 1941இல்தான். காற்றில் பத்தாயிரத்தில் நான்கு பங்கே உள்ள ஒரு வாயுவிலிருந்து ஈட்டி மரம் உருவாகிறது என்பதை எளிதில் நம்ப மறுக்கும் சிறுவன் அறிவிலி அல்லன்.

நம் நாட்டவரும் இதில் பின்தங்கவில்லை. ஜகதீச சந்திர போஸ் ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடி விடும் குமிழிகளைக் கொண்டே ஒளியின் பணியை அளந்து, 1924இல் அதைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். அக்கருவி நுட்பமானது, அதன் எளிய வடிவம் எந்தப் பள்ளிக்கும் எட்டும். குளத்தில் கிடைக்கும் அச்செடியின் தண்டைக் கத்தரித்து, வெட்டிய முனை மேலாக இருக்குமாறு கண்ணாடிக் குடுவை நீரில் அமிழ்த்தி, சிட்டிகை சோடா உப்பிட்டு, வெயிலில் வைத்தால் குமிழிகள் வரிசையாக எழும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணலாம். குடை பிடித்தால் குறையும், குடையை எடுத்தால் ஏறும். ஒளிக்கும் செடிக்கும் உள்ள உறவை உடனுக்குடன், அதே வகுப்பு முடிவதற்குள் காட்டக்கூடியது இது ஒன்றே. பயறு பத்து நாள் கேட்கிறது. குமிழி பத்து நிமிடம் கேட்கிறது.

ஒளி மிகுந்தால் எல்லாச் செடிக்கும் நன்மை என்ற முடிவுக்கும் சிறுவரைத் தள்ளிவிடலாகாது. காணி மக்கள் அறிந்திருந்து, 1987இல் ஆராய்ச்சியாளர்க்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை இம்மலையில் மர நிழலில் வளர்வது. தோட்டங்களில் தேயிலைக்கும் இடையே சில்வர் ஓக் மரங்களை நிழலுக்காக வைப்பர். எந்தச் செடி எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதிவரச் சொன்னால் மலைப் பிள்ளைகள் நமக்கே கற்பிப்பார்கள்.

இவற்றுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. காலம் தேவை, தவறான விடைக்கு இடம் தேவை. செய்முறைக் குறிப்பேட்டில் முடிவை முன்கூட்டியே அச்சிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது எம் முதற் கோரிக்கை. "நான் கண்டது" என்ற ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும். இருட்டுச் செடியே பெரிது என்று அதில் எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் தரப்பட வேண்டும். பின் தராசு கொடுக்கப்பட வேண்டும். இரண்டாவது, பாட அட்டவணை மலையின் பருவத்தைக் கேட்டு அமைய வேண்டும். ஜூன், ஜூலையில் பள்ளி தொடங்கியதும் இப்பாடத்தை எடுத்தால் போனக்காட்டில் மழையும் மூடுபனியும் குமிழிகளை விழுங்கிவிடும். உலர்த்த வைத்த பயறும் பூஞ்சணம் பூக்கும். அவ்வேளையில் அடுப்புப் பரணில் உலர்த்துவதே வழி. டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை வானம் தெளிந்திருக்கும். குமிழி எண்ண அதுவே ஏற்ற காலம்.