ஆம்பூரைத் தேடினேன், ஆம்பர் வந்தது

மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம். அணைக்கட்டிலிருந்து பள்ளிகொண்டா போகிற பஸ். வயிற்றில் பசி. கையில் போன். ஆம்பூர் பிரியாணியைப் படத்திலாவது பார்ப்போமே என்று இங்கிலீஷில் ஊர்ப் பேரை அடிக்க ஆரம்பித்தேன். எங்கள் ரோட்டில் பஸ் எப்போது தூக்கிப் போடும் என்று டிரைவருக்கே தெரியாது. போட்டது. 'யூ' விழ வேண்டிய இடத்தில் 'ஈ' விழுந்தது. பிரியாணிக்குப் பதில் ஒரு பாட்டு வந்தது. பேர் 'ஆம்பர்'. பாடியவர்கள் 'தி எஃப் சிக்ஸ்டீன்ஸ்'.

போர் விமானத்தின் பேரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள், யாரோ அமெரிக்காக்காரர்கள் போல என்று நினைத்தேன். கேட்டேன். மறுபடி கேட்டேன். பள்ளிகொண்டாவில் இறங்க மறந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன். அப்புறம்தான் பார்த்தேன், ஊர்: சென்னை! கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இத்தனை நாள் சொல்லவேயில்லையே, பாவிகளா!

2012-ல் ஆரம்பித்த பேண்டு இது. (நம்மூரில் பேண்டு என்றால் கல்யாண ஊர்வலத்தில் டிரம்பெட் ஊதுகிற செட். அதுவும் எனக்குப் பிடிக்கும், அது வேறு விஷயம்.) 2016-ல் 'ட்ரிகர்புங்க்டே' என்று ஒரு முழு ஆல்பம், 2019-ல் 'வீக்கெண்ட் ஃப்ரெண்ட்ஸ்', 2021-ல் பணக்காரர்களைத் தின்னும் நேரம் வந்தாச்சா என்று கேட்கிற தலைப்பில் இன்னொன்று. என்னைக் கவிழ்த்த ஆம்பர், 2019 சரக்கு. ஜோஷ் ஃபெர்னாண்டஸின் குரல் ஞாயிற்றுக்கிழமை காலை மாதிரி, எழுந்திருக்க மனசில்லாமல் பாடுகிறது. கிடார் மட்டும் திங்கட்கிழமை மாதிரி துள்ளுகிறது.

இந்த ஜாதிப் பாட்டுகளுக்குத் தாத்தா ஒருவர் உண்டு. 'பவர் பாப்' என்று பேர். 1967-ல் 'தி ஹூ' என்ற இங்கிலாந்து பேண்டின் பீட் டவுன்ஷெண்ட், தாங்கள் வாசிப்பது என்ன என்று சொல்ல அந்த வார்த்தையைப் போட்டார். ஃபார்முலா சிம்பிள். மெட்டு, பீட்டில்ஸ் மாதிரி வெல்லப்பாகு. கிடார், பச்சை மிளகாய். நாலு பேர் சேர்ந்து கோரஸ். மூணு நிமிஷத்தில் மங்களம். சந்தோஷமாக ஆடிக்கொண்டே கேட்டு முடித்த பிறகுதான், பாடினவனைக் காதலி விட்டுப் போய்விட்டாள் என்பது உறைக்கும். எஃப் சிக்ஸ்டீன்ஸ் அக்மார்க் பவர் பாப் என்று சொல்ல மாட்டேன். சித்தப்பா வழி உறவு.

"இங்கிலீஷ் கிடாரெல்லாம் நமக்கெதுக்கு ஸார்?" என்று கேட்பீர்கள். 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததிலிருந்து 'இளைய நிலா'வின் அந்தக் கிடாரை வாயாலேயே வாசித்துக்கொண்டிருக்கிற ஜனங்கள் நாம். இளையராஜா தெரியும், எஸ்.பி.பி. தெரியும். கிடார் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? பேண்டு என்றால் அந்தப் பிரச்னை இல்லை. வாசிக்கிறவன்தான் எழுதுகிறான், எழுதுகிறவன்தான் பாடுகிறான். பேரும் அவனுக்கே, நஷ்டமும் அவனுக்கே.

நஷ்டம் என்றதும் என் பி.காம். புத்தி விழித்துக்கொள்கிறது. பவர் பாப் சரித்திரத்தைப் படித்தால் பாதி இடத்தில் ஆடிட் ரிப்போர்ட் மாதிரிதான் இருக்கிறது. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் என்ற ஊரில் 'பிக் ஸ்டார்' என்று ஒரு பேண்டு. 1972-ல் முதல் ஆல்பம். பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடின. படித்துவிட்டுக் கடைக்கு ஓடினால் கடையில் ரெக்கார்டு இல்லை. கம்பெனியின் விநியோகம் அவ்வளவு லட்சணம். 1974-ல் அவர்கள் போட்ட 'செப்டம்பர் கர்ல்ஸ்' பாட்டை இன்றைக்குக் கேளுங்கள். இது எப்படி ஐயா ஓடாமல் போச்சு என்று கோபம் வரும். பேண்டின் கிறிஸ் பெல் 1978-ல் கார் விபத்தில் செத்துப்போனபோது வயசு 27. பிற்பாடு வந்தவர்களெல்லாம் இவர்கள்தான் எங்கள் குரு என்றார்கள். குருதட்சிணை வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

'பேட்ஃபிங்கர்' கதை இன்னும் மோசம். பீட்டில்ஸே நடத்திய ஆப்பிள் கம்பெனியில் (போன் ஆப்பிள் வேறு) சேர்ந்தவர்கள். 1970-ல் இவர்கள் எழுதிய 'விதவுட் யூ'வை ஹாரி நில்சன் பாடி உலகமே அழுதது, 1994-ல் மரியா கேரி பாடி மறுபடி அழுதது. எழுதிய பீட் ஹாமும் டாம் எவன்ஸும் பணத் தகராறுகளில் சிக்கி, ஒருவர் 1975-லும் ஒருவர் 1983-லும் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்தப் பாட்டை இப்போதெல்லாம் நான் பாதியிலேயே நிறுத்திவிடுகிறேன்.

இன்றைக்கு விநியோகப் பிரச்னை கிடையாது. மெம்ஃபிஸ் கடைக்கே வராத சரக்கு அணைக்கட்டு பஸ்ஸுக்குள் வருகிறது. ஆனால் கேட்க ஆள் வேண்டும். ஸ்பாட்டிஃபையில் 2024-லிருந்து ஒரு ரூல்: வருஷத்துக்கு ஆயிரம் தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு பைசா கிடையாது. ஒரே ஆள் ராப்பகலாய்ப் போட்டு ஒப்பேற்ற முடியாது, கேட்கிற தலைகளையும் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் பஸ்ஸில் ஐம்பது பேர். ஆளுக்கு இருபது தடவை. தீர்ந்தது! பேண்ட்கேம்ப் என்று இன்னொரு கடை இருக்கிறது. அங்கே காசு கொடுத்துப் பாட்டை வாங்கினால் கடைக்காரர் கமிஷன் நூற்றுக்குப் பதினைந்துதான், கார்டு சார்ஜ் போக மிச்சம் பாடினவனுக்கு.

எங்கிருந்து ஆரம்பிப்பது? சென்னையின் 'ஸ்க்ராட்' 2006-ல் ஆரம்பித்தது, காரம் ஜாஸ்தி, ஆபீஸ் முடிந்து எரிச்சலோடு வருகிற சாயங்காலத்துக்கு ஏற்றது. கல்கத்தாவின் 'பரேக் அண்ட் சிங்' நேர் எதிர். இரண்டே பேர், கலர் கலராக கோட்டு சூட்டு, இளநீர் மாதிரி பாட்டு. 2016-ல் வந்த அவர்களுடைய 'ஓஷன்' நல்ல வாசல்படி. தமிழில்தான் வேண்டும் என்றால் கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்த 'குரங்கன்' இருக்கிறது. நம் பேச்சை அப்படியே கிடாரில் ஏற்றியிருக்கிறார்கள். ஒன்றே ஒன்று, முதல் தடவை கேட்டுவிட்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள். சினிமாப் பாட்டை மட்டும் எத்தனை தடவை டீக்கடையில் கேட்டபிறகு பிடித்தது?

போன வாரம் ஆம்பூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு அண்ணா. ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இன்னா தம்பி, தனியா தலய ஆட்டிகினு வர?"

"பாட்டுண்ணா. மெட்ராஸ் பசங்க."

ஒரு காதுக்கு உண்டானதை அவரிடம் கொடுத்தேன். மாதனூர் வரைக்கும் பேசவேயில்லை.

"ஒண்ணும் புரில. ஆனா கிடாரு சூப்பரா கீதுபா." கொஞ்சம் பொறுத்து, "எம் பையன்கூட வாசிப்பான். கிறிஸ்துமஸ் கேரலுக்கு அவந்தான். இப்ப நம்ம கம்பெனிலயே பேக்கிங்ல சேத்துட்டேன். அவனே மூணு பாட்டு கட்டி போன்ல வச்சிகினு கீறான். யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டேன்றான். சிரிப்பாங்களாம்."

நம்பர் வாங்கிக்கொண்டேன். ரெண்டு நாள் கெஞ்சின பிறகு ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸப்பில் மூணும் வந்தது. முதல் பாட்டு சுமார். மூணாவது யாரையோ காப்பி. ரெண்டாவது, அண்ணன் வீட்டு உறவு என்பதற்காகச் சொல்லவில்லை, ஜோர்! ஆம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒருத்தி ரயிலேறிப் போகிறாள், இவன் கையில் அவள் வாட்டர் பாட்டில். மெட்டு என்னவோ திருவிழா மாதிரி குதிக்கிறது. பீட் டவுன்ஷெண்ட் பேரையே கேட்டிருக்காத பையன்! சமையலறையில் உட்கார்ந்து பதிவு செய்திருக்கிறான் போல. கோரஸ் நடுவே குக்கர் விசில்.

இதைத் தைரியமாக எல்லாருக்கும் விடு என்று போன் பண்ணினேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சரிண்ணா" என்றான்.

"அந்தக் குக்கர் விசிலை மட்டும் எடுத்துடு."

"வேணாண்ணா. அது கரெக்டா சுருதில நிக்குது."

மறுபடி போட்டுக் கேட்டேன். நிற்கிறது!