முதுகுக்குப் பின்னால் யந்திரம்

வந்தவாசிக் கடைத்தெருவில் பாய் வியாபாரி ஒருவர் நடந்து போவதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சுருட்டிக் கட்டிய கோரைப் பாய்களைத் தோளின் மேல் நீளவாட்டில் சாய்த்துக்கொண்டு போவார். பின்னாலிருந்து யாரேனும் "பாய் என்ன விலை?" என்று கூப்பிட்டுவிட்டால் வந்தது வினை. அவர் உடம்பு திரும்பிவிடும். பாய்க்கட்டு உடனே திரும்பாது. திரும்பத் தொடங்கிய பிறகோ எளிதில் நிற்காது. பக்கத்துக் கடையில் தொங்கும் வாழைத்தாரை ஓர் இடி இடித்துவிட்டுத்தான் ஓயும். அதே கட்டை மார்போடு சேர்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாரானால் பம்பரம் போலச் சுழலலாம். பாயின் எடை ஒரு குன்றிமணி கூடக் குறையவில்லை. எடை இருக்கும் இடந்தான் மாறிற்று.

சென்ற வாரம் நமது வகுப்பில் எழுந்த ஒரு கேள்விக்கு இந்தப் பாய்க்கட்டைத்தான் நாம் துணைக்கு அழைத்தோம். ஏதோ ஓர் இத்தாலிய மோட்டாரின் படத்தைப் பார்த்துவிட்டு வந்த பையன் ஒருவன், "ஸார், எல்லாக் காரிலும் இஞ்சின் முன்னால் இருக்கிறது. இதில் மட்டும் ஏன் ஸார் ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டான். பரீட்சையில் வராத கேள்வி. ஆகையால் நல்ல கேள்வி.

ஒரு மோட்டார் வண்டியில் தனிப் பொருளாக மிகக் கனமானது யந்திரந்தான். அதை மூக்கின் நுனியில் வைத்தால், வளைவில் திரும்பும்போது தோளில் கிடக்கும் பாய்க்கட்டின் கதைதான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே கொண்டுவந்தாலோ, பாரம் வண்டியின் மையத்தை ஒட்டித் திரண்டுவிடுகிறது, திருப்பியதும் திரும்புகிறது. பாடப்புத்தகம் இதற்கு 'நிலைமத் திருப்புத்திறன்' என்று பெயரிட்டு ஒரு சூத்திரத்தையும் கொடுத்துவிட்டு அப்பால் போய்விடுகிறது. பின் சக்கரங்களின் மேல் பாரம் அழுந்துவதால் வேகம் எடுக்கையில் அவை தரையை நன்றாகப் பற்றிக்கொள்கின்றன என்பது மற்றொரு லாபம். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும் என்று அறிந்து மூட்டை அடுக்கிய நம் வண்டிக்காரர்களுக்கு இதில் பாதி முன்பே தெரியும்.

இதற்கு விலையும் உண்டு. பின் ஆசனம் போய்விடும். சாமான் வைக்க இடம் குறையும். காதருகே ஓசை, முதுகில் வெப்பம். எளிதில் திரும்பும் வண்டி, சக்கரம் வழுக்கிவிட்டால் அதே எளிமையோடு சுற்றியும் விடும். 1934-ல் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தய வண்டிகள் பதினாறு ஸிலிண்டர் யந்திரத்தைச் சாரதிக்குப் பின்னால் சுமந்துகொண்டு புறப்பட்டபோது, அவற்றை அடக்கி ஓட்டத் தெரிந்தவர்கள் வெகு சிலரே. பிறகு 1946-ல் இங்கிலாந்தில் கூப்பர் என்ற தகப்பனும் மகனும், பழைய பியட் கார்களின் உறுப்புகளையும் ஒரு மோட்டார் சைக்கிள் யந்திரத்தையும் சேர்த்துச் சிறு பந்தய வண்டி ஒன்றைக் கட்டினார்கள். சங்கிலியால் பின் சக்கரத்தை ஓட்டுவதற்கு வசதி என்று யந்திரத்தைப் பின்னால் வைத்தார்கள், அவ்வளவுதான். 1959-ல் கூப்பர் வண்டியில் ஜாக் பிராபம் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றார். 1960-க்குப் பிறகு அந்த உலகப் பந்தயத் தொடரில் முன்னால் யந்திரம் வைத்த வண்டி வென்றதே இல்லை.

நிற்க. யந்திரம் நடுவில் இருந்துவிட்டால் மட்டும் ஒரு வண்டி பறந்துவிடாது. 1984-ல் வந்து 2019 வரை உற்பத்தியான மாருதி ஆம்னி வண்டியை நேயர்கள் அறிவார்கள். முன் ஆசனத்தைத் தூக்கினால் அதன் கீழே யந்திரம் இருக்கும். ஒரு குடும்பத்தையும், சீர்வரிசைப் பாத்திரங்களையும், இரண்டு வாழைக் குலைகளையும் ஏற்றிக்கொண்டு அது முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்ததே பெரிய காரியம்!

அந்த மாருதியிலிருந்தேதான் நம் நாட்டுப் பந்தய வண்டி ஒன்றும் பிறந்தது. கோயம்புத்தூரில் நெசவாலைக் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவரதன் என்பவர் 1988-ல் 'பார்முலா மாருதி' என்னும் ஒற்றை ஆசன வண்டியை உருவாக்கினார். மாருதி 800 காரின் சாதாரண யந்திரத்தையே எடுத்துச் சாரதியின் முதுகுக்குப் பின்னால் பொருத்தினார். 796 கன சென்டிமீட்டர், மூன்று ஸிலிண்டர். காரில் இருந்தபோது அதன் சக்தி சுமார் 39 குதிரை. பந்தய உலகம் சிரிக்கக்கூடிய எண்தான். ஆனால் அதற்கு வேண்டிய உறுப்புகள் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் கிடைத்தன. எல்லோருக்கும் ஒரே யந்திரம் என்றபோது, முந்துகிறவன் பணத்தால் முந்த முடியாது. கையாலும் கண்ணாலும் முந்த வேண்டும். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 1993-ல் இந்த வண்டியை ஓட்டிப் பழகினார். 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். அங்கே அவர் ஓட்டிய ஜார்டன் வண்டியில் முதுகுக்குப் பின்னால் இருந்தது பத்து ஸிலிண்டர், 3 லிட்டர் யந்திரம். அதைக் காணக் கரிவரதன் இல்லை. 1995-ல் ஒரு சிறு விமான விபத்தில் அவர் காலமானார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் இரண்டு அளவுகளை எழுதினோம். மாருதி 800 யந்திரத்தின் ஸிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர். உருளையின் கன அளவு கண்டு மூன்றால் பெருக்குக என்றோம். வீட்டில் பென்சில் உள்ள நேயர்களும் போட்டுப் பார்க்கலாம். 796 வந்ததும் வகுப்பில் ஓர் ஆரவாரம். கேள்வி கேட்ட பையன் மட்டும் ஆரவாரத்தில் சேரவில்லை. "ஸார், அந்த 68.5 என்பதை யார் தீர்மானித்தார்கள்?" என்றான்.

ஜப்பான் தேசத்து ஸுஸுகிக் கம்பெனியார் என்று சொன்னோம். சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்ந்துதான் போயிற்று. விட்டத்தை ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் வால்வுக்கு இடம் கிடைக்கும்; வெப்பம் பரவ வேண்டிய பரப்பும் கூடும். ஏற்ற இறக்கத்தை நீட்டினால் இழுப்பு வரும். ஆனால் அதிகச் சுழற்சியில் பிஸ்டன் தாங்காது. ஒவ்வோர் எண்ணின் பின்னும் யாரோ பல நாள் விழித்திருந்திருக்கிறார்கள். அந்த விழிப்பைத்தான் நாம் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தோம். 2012-ல் டில்லிக் கண்காட்சியில் திலீப் சாப்ரியா தமது 'அவந்தி' வண்டியைக் காட்டியபோது தேசமே வியந்தது. அழகிய உடல்; யந்திரமும் நடுவில்தான்; சுமார் 250 குதிரை சக்தி. ஆனால் விற்பனைக்கு வந்த அவந்தியில் இருந்தது பிரான்ஸின் ரெனோ செய்த 2 லிட்டர் யந்திரம். உடலை நாம் செய்து இதயத்தை இரவல் வாங்கும் காரியம் நமக்கு அவ்வளவாக உவக்கவில்லை. கரிவரதன் செய்ததும் இரவல் இதயந்தானே என்பீர்கள். மெய்தான், ஆனால் அவர் அதைக் கொண்டு மனிதர்களைத் தயாரித்தார்.

2017-ல் டாட்டா கம்பெனியார் ஜினீவாக் கண்காட்சிக்குக் கொண்டுபோன 'ரேஸ்மோ' இன்னும் ஒரு படி மேலே நின்றது. இரண்டு பேர் அமரும் வண்டி; ஆசனத்துக்குப் பின்னால் அவர்களுடைய ரெவோட்ரான் யந்திரம். இதுவும் மூன்று ஸிலிண்டர்தான்; அளவு 1.2 லிட்டர். ஆனால் சக்தி 190 குதிரை! வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, ஸிலிண்டருக்குள் காற்றை அதிகமாகத் திணிக்கும் டர்போ உபாயம் அது. லிட்டர் கணக்கில் பார்த்தால் பழைய மாருதிக்கு 49 குதிரை. இதற்கு ஏறக்குறைய 158. நூறு கிலோமீட்டர் வேகத்தை ஆறு விநாடிக்குள் எட்டும் என்றார்கள். ஆனால் அந்த வண்டி விற்பனைக்கு வரவேயில்லை, திட்டம் கைவிடப்பட்டது. கணக்குப் பிள்ளைகள் லாப நஷ்டம் பார்த்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எனினும் நமக்கு அது இன்னமும் உறுத்துகிறது.

விடியுமுன் நமது ஊர் நாற்சந்தியில் தொழிற்சாலை பஸ்கள் வந்து நிற்கின்றன. நம்மிடம் படித்த பிள்ளைகள் பலர் தூக்கக் கலக்கத்தோடு ஏறி, ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிறார்கள். ஒரு நாளில் எத்தனையோ திருகுகளை முடுக்குகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதை, 1990 முதல். அதனுள்ளே போய்ப் பார்த்தவன் ஒருவனும் நம் பழைய மாணவர்களில் இல்லை, விசாரித்துவிட்டோம்.

ஆரணிச் சாலையில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், கழற்றிப் போட்ட மாருதி யந்திரம் ஒன்று இருக்கிறது, எண்ணெயைத் துடைத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை அதை வகுப்புக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு. வெர்னியர் அளவுகோல் பள்ளியில் இரண்டு உண்டு. ஒன்று தாடை தளர்ந்தது. நல்லதை அந்தப் பையனிடம் கொடுக்கப்போகிறோம்.