வெம்பிளி மண்டபமும் லயக் காம்பராவும்

விழா மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் ஒரு பெருமைப் பேச்சு அடிக்கடி தலைகாட்டுகிறது. நமது நாட்டுக் கட்டடக் கலையையும் சிற்பத்தையும் வெள்ளைக்காரனே உலகக் கண்காட்சிகளில் தூக்கி நிறுத்தினான் என்பது அதன் சாரம். இப்படிப் பேசுவோர் மண்டபத்தின் முகப்பைத்தான் பார்த்தார்கள். உள்ளே என்ன விற்றது என்று பார்க்கவில்லை.

1904இல் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரில் நடந்த கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்த மாளிகைகளும் சிலைகளும் பெரும்பாலும் சுண்ணச் சாந்தில் நார் கலந்து வார்த்தவை. கண்காட்சி முடிந்ததும் இடித்துத் தள்ளினார்கள். இந்தியத் தேயிலைக்காக எழுப்பிய மண்டபம் எதன் நகல் தெரியுமா? ஆக்ராவில் நூர்ஜஹானின் தந்தை அடங்கியிருக்கும் இஃதிமாதுத் தௌலா கல்லறையின் நகல்! நமது ஊர் மையவாடிக்குள் ஒருவர் தேத்தண்ணிக் கடை போட்டால் பள்ளி நிர்வாகம் சும்மா இருக்குமா? அதையே முகலாயக் கலைக்குக் கிடைத்த மரியாதை என்று எழுத நம்மவர்களிலேயே ஆளிருக்கிறார்கள்.

இலங்கைக்கு வாய்த்தது தலதா மாளிகைச் சாயல். 1924 ஏப்ரல் 23ஆம் திகதி லண்டன் வெம்பிளியில் பேரரசுக் கண்காட்சி திறக்கப்பட்டபோது இலங்கை மண்டபம் கண்டிப் பாணியில் நின்றது. அதே ஏப்ரலில்தான் பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்தது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைக் கடந்து ஊவாவின் தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்கு இறங்கின. அந்தக் கொழுந்தைக் கிள்ளியவர்கள் குடியிருந்த கட்டடம் எந்த மண்டபத்தின் முகப்பிலும் இல்லை.

லயமும் கட்டடக் கலைதான். அதற்கும் கணக்குப் போட்டவன் ஒருவன் இருந்திருக்கிறான். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, ஒரு கதவு, முன்னால் ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை வரிசையென்றால் பின்பக்கம் ஜன்னலுக்கே வழியில்லை. சமைப்பதும் பெறுவதும் மையித்துக் கிடத்துவதும் அதற்குள்தான். துரையின் பங்களா காற்று வரும் மேட்டில். லயம் தேயிலைக்கு உதவாத சரிவில். இந்த இடத் தெரிவு யாரைக் கொன்றது என்பதை 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் கண்டோம். ஆபத்தான இடமென்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும் லயங்கள் அங்கேயே இருந்தன, மண்ணுக்குள் போகும்வரை.

வெள்ளைக்காரனை மட்டும் ஏசிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பதுளை, பண்டாரவளை, பசறைக் கடைவீதிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் நாம். சம்பள நாளில் தோட்டத்தார் இறங்கி வருவதைப் பார்த்துக் கடன் கொப்பியைப் பிரித்தவர்கள் நாம். கொப்பியில் அவர்களது பெயர் இருந்தது. நமது கதைகளில் எத்தனை பேருடைய பெயர் இருக்கிறது? தாஜ்மஹாலுக்கும் அல்ஹம்றாவுக்கும் கண்ணீர் விடும் கவிதைகளுக்குக் குறைவில்லை. அந்த நகல் கல்லறையும் இப்படித்தான் இருந்திருக்கும்: குவிமாடம் அழகு, உள்ளே வியாபாரம்.

கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அது கல்விமான்கள் கேட்டு நடந்த காரியமல்ல.

அடுத்த இதழுக்கு அல்ஹம்றா பற்றி இன்னொரு கவிதை அனுப்பவிருக்கும் சகோதரர், அதற்கு முன்பு ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு ஏறி, ஒரேயொரு காம்பராவை அடி வைத்து அளந்துவிட்டு வரட்டும்.