‘ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குறான்’: குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா?

‘பையன் கவனிக்கவே மாட்டேங்குறான், ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குறான்.’ பேரன்ட்ஸ் மீட்டிங்கில் இந்தப் புகார் வந்தால் செல்போனைத் திட்டுவோம், இல்லாவிட்டால் பாட்டி கொடுக்கும் செல்லத்தை. ரத்தத்தில் ஈயம் இருக்குமோ என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பேட்டரிக் கடையும் லாரிப் பட்டறையும் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி இருக்கும் தண்டையார்பேட்டை மாதிரி இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி அது.

சென்னையில் என்ன தெரியவந்தது?

ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்க ஆய்வாளர்களுடன் சேர்ந்து சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். முடிவுகள் 2009-ல் வெளியாகின. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அளவு கூடக்கூட கவனக்குறைவும் துறுதுறுப்பும் அதிகம் என்பது ஆசிரியர்கள் நிரப்பிய படிவங்களில் தெரிந்தது. சேட்டைக்கெல்லாம் ஈயம்தான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பிற நாட்டு ஆய்வுகளும் இதே பக்கம்தான் கை காட்டுகின்றன.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனாலும் இந்தியாவில் சுமார் 27.5 கோடி குழந்தைகள் அந்த 5 மைக்ரோகிராமைத் தாண்டியிருக்கலாம் என்று 2020-ல் யுனிசெஃப் மதிப்பிட்டது.

மூளைக்கு என்ன ஆகிறது?

உடம்பு ஈயத்தை கால்சியம் என்று நினைத்து ஏமாந்துபோகிறது. அதனால் அது மூளைக்குள்ளும் நுழைகிறது, எலும்பிலும் தங்குகிறது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதிகமாகக் குழந்தைகள் உறிஞ்சுகிறார்கள். ரத்தசோகை இருந்தால் இன்னும் அதிகம். கவனம், பொறுமை, யோசித்துச் செய்வது எல்லாம் முன்மூளையின் வேலை. 20 வயதைத் தாண்டியும் வளர்கிற பகுதி அது. சின்ன வயதில் விழுந்த அடி, டீன் ஏஜ் வந்த பிறகும் தெரியலாம்.

எங்கிருந்து வருகிறது?

பழைய பேட்டரியை உடைக்கும் இடம், உரிந்து விழும் பழைய பெயின்ட். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்தது இன்னும் சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் இருக்கிறது. காசிமேடு பக்கம் வலையில் கட்டும் ஈயக்குண்டையும் மறக்கக் கூடாது. அதை வீட்டில் வைத்து உருக்கினால் புகை நேராகக் குழந்தைக்குத்தான். பட்டறையில் வேலை செய்யும் அப்பாவின் சட்டையிலும் தூசி வரும். குளித்து, துணி மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்குவது நல்லது. அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

சரி, ரசம் வைக்கிற ஈயச்சொம்பு? அது வெள்ளீயம், வேறு உலோகம். விஷம் காரீயம். ஆனால் மலிவான சொம்பில் காரீயம் கலந்திருந்தால் ஆபத்துதான்.

டெஸ்ட் எங்கே?

பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு எடை, கண், பல், ரத்தசோகை பார்க்கும். ஈயம் அந்தப் பட்டியலில் இல்லை. சந்தேகம் இருந்தால் குழந்தைகள் மருத்துவரிடம் நாமாகத்தான் கேட்க வேண்டும். நரம்பில் எடுக்கும் கொஞ்சம் ரத்தம் போதும். அளவு மிக அதிகமாக, 45 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஈயத்தை வெளியேற்ற மருந்து உண்டு. ஆனால் மூளைக்கு ஏற்கெனவே ஆன பாதிப்பை அந்த மருந்து சரிசெய்யாது.