காரணம் சொல்லாமல் மூடப்படும் செயலிக் கணக்குகள் தொடர்பாக நான்காவது கோரிக்கை மனு

அனுப்புநர்:
சங்கச் செயலாளர், சேலம்.

பெறுநர்:
உயர்திரு துறைச் செயலாளர் அவர்கள், சென்னை.

பொருள்: செயலிக் கடைகள் உருவாக்குநர் கணக்குகளைக் காரணமும் வாய்ப்பும் தராமல் மூடுவது – 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின் 4(8)ஆம் விதியைச் செயலிக் கடைகளுக்கும் விரிவுபடுத்த ஒன்றிய அரசுக்குப் பரிந்துரை அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இச்சங்கத்தின் முந்தைய மூன்று மனுக்கள், தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த ஒரே பதில்.

ஐயா,

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் செல்பேசிச் செயலி எழுதிப் பிழைக்கும் சிறு நிறுவனங்களும் தனிநபர்களும் சேர்ந்த, முறையாகப் பதிவு பெற்ற சங்கம் எங்களுடையது.

இம்மனுவின் முதன்மைக் கோரிக்கையில் புதிதாக எதுவும் இல்லை. முன்பு எழுதியவை படிக்கப்படவில்லை என்று நம்பக் காரணம் இருப்பதால் அவற்றையே மீண்டும் எழுதுகிறோம். "ஏற்கெனவே பதில் அளிக்கப்பட்டது" என்று கோப்பை மூடிவிட வேண்டாம் எனத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்கிறோம்.

முதல் மனுவை 2024 மார்ச் நிகழ்வை ஒட்டி எழுதினோம். அந்த ஆண்டு மார்ச் 1 அன்று, கட்டணத் தகராறு காரணமாக, கூகுள் நிறுவனம் தன் ப்ளே ஸ்டோரிலிருந்து இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் செயலிகளை நீக்கத் தொடங்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனியும் அவற்றில் ஒன்று. மறுநாளே ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இதை அனுமதிக்க முடியாது என்றார். இரு தரப்பையும் அழைத்துப் பேசினார்கள். மார்ச் 5 அன்று, செயலிகளைத் திரும்ப வைக்கக் கூகுள் ஒப்புக்கொண்டதாக அவரே அறிவித்தார். ஐந்தே நாள். அதைப் பார்த்து எங்களுக்கும் நம்பிக்கை வந்தது. பெரிய நிறுவனத்துக்குக் கிடைத்த அந்தக் கூப்பிட்டுப் பேசும் மரியாதையைச் சிறியவனுக்கு விதியாக எழுதித் தரச் சொல்லி ஒன்றிய அரசுக்கு எழுதுங்கள் என்று கேட்டோம். ஒப்புகை அட்டை வந்தது.

இரண்டாம் மனுவில் எங்கள் ராசிபுரம் உறுப்பினர் ஒருவரின் கதையை முழுதாக எழுதினோம். ஒப்புகை அட்டையும் வரவில்லை. மூன்றாம் மனுவை நிர்வாகிகள் மூவர் ரயிலேறி வந்து நேரில் கொடுத்தோம். தபால் பிரிவில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அதற்கு வந்த பதில் ஒரே வாக்கியம்: "இப்பொருள் ஒன்றிய அரசின் அதிகார வரம்புக்கு உட்பட்டது." இதை நாங்களும் அறிவோம். விதியைத் திருத்தித் தாருங்கள் என்று தங்களிடம் எந்த மனுவிலும் கேட்கவில்லை. திருத்தச் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள் என்றுதான் மூன்று முறையும் கேட்டோம். கடிதம் எழுதுவது மாநில அரசின் அதிகார வரம்புக்குள் வரும் என்றே கருதுகிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறோம்.

மேலே சொன்ன ராசிபுரம் உறுப்பினர் கோழிப்பண்ணைக் கணக்குச் செயலி செய்திருந்தார். காலையில் ஷெட் வாரியாக எத்தனை ட்ரே முட்டை, எவ்வளவு உடைசல், எத்தனை கோழி செத்தது, எத்தனை மூட்டைத் தீவனம் இறங்கியது என்று சூப்பர்வைசர் போட்டுவிட்டால், சாயங்காலம் முதலாளி கைக்கு ஒரு பக்கக் கணக்கு வந்துவிடும். ட்ரேவுக்கு முப்பது முட்டை என்ற கணக்கைத் தாண்டி அதில் சூட்சுமம் ஏதும் கிடையாது. விளம்பரம், கடன், சூதாட்டம் எதுவும் இல்லை. ஒரு நாள் விடிகாலையில் அவருடைய உருவாக்குநர் கணக்கையே செயலிக் கடை மூடிவிட்டது. மின்னஞ்சலில் சொன்ன காரணம், முன்பு நீக்கப்பட்ட வேறொரு கணக்கோடு இக்கணக்குக்குத் தொடர்பு இருக்கிறதாம். எந்தக் கணக்கு, என்ன தொடர்பு என்ற விவரம் இல்லை. மேல்முறையீடு செய்ய ஒரு சிறு பெட்டி கொடுத்திருந்தார்கள். என்ன குற்றம் என்றே தெரியாதவர் அந்தப் பெட்டியில் எதை மறுத்து எழுதுவார்? இருந்தாலும் எழுதினார். முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. மனிதர் படித்து எழுதிய பதிலா, இயந்திரம் அனுப்பியதா என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

பல நாள் யோசித்து அவராக ஊகித்தது இது: மூன்று மாதம் பயிற்சிக்கு வந்த கல்லூரிப் பையன் ஒருவன் அலுவலகக் கணினியில் தன் சொந்தக் கணக்கைத் திறந்திருந்தான், அவன் கணக்கு பிறகு எப்போதோ மூடப்பட்டிருக்கலாம். ஊகம்தான். இதை உறுதிசெய்யவோ மறுக்கவோ கூடியது அந்தக் கடை மட்டும். அது பேசாது.

கடையின் பெயரை நாங்கள் எழுதவில்லை. எழுதினால் மீதமுள்ள கணக்குகளுக்கு என்ன ஆகுமோ என்று உறுப்பினர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தையும் இம்மனுவின் ஆதாரமாகத் தாங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கணக்கு மூடியதும் பண்ணைகளில் செயலி உடனே நின்றுவிடவில்லை. பழைய போன்களில் ஓடியது. புதுப் போன் வாங்கியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு, கடை இல்லாமல் நேரடியாக நிறுவக்கூடிய ஏ.பி.கே. கோப்பை எங்கள் உறுப்பினர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மோகனூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் அதை நிறுவப் போனபோது நானும் உடன் இருந்தேன். இந்தச் செயலி உங்கள் போனுக்கு ஆபத்து விளைவிக்கலாம் என்று திரையில் எச்சரிக்கை எழுந்தது. சூப்பர்வைசர் விரலை எடுத்துவிட்டார். "சார், முதலாளி பேங்க் நம்பரெல்லாம் இதுலதான் இருக்கு" என்று போனைத் திருப்பி எங்கள் உறுப்பினரிடமே நீட்டினார். மூன்று வருடமாக அவர் தினமும் காலையில் திறந்த அதே செயலி. மறுநாளிலிருந்து அந்தப் பண்ணையில் கணக்கு மறுபடி நோட்டுப் புத்தகத்துக்குப் போனது.

இந்தப் பின்வாசலும் எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. கடைக்கு வெளியே தரும் செயலிகளுக்கும் உருவாக்குநர் அடையாளச் சரிபார்ப்புக் கட்டாயம் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் தொடங்கி, பிறகு மற்ற நாடுகளுக்கும் என்பது அந்த அறிவிப்பு. விவரம் தெரிந்த பயனர்களுக்கு மாற்று வழி உண்டு என்று பின்னர் சொன்னார்கள். எங்கள் கோழிப்பண்ணை சூப்பர்வைசர் அந்தப் பட்டியலில் வரமாட்டார்.

இப்போது விதி. 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(8)ஆம் விதியைத் தாங்கள் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய சமூக ஊடக நிறுவனம் தானாக முடிவெடுத்து ஒருவரின் பதிவை நீக்குமானால், நீக்கும் முன் அவருக்கு அறிவிப்பு தர வேண்டும். அதில் காரணம் சொல்ல வேண்டும். அவர் மறுத்துப் பேசவும் பதிவைத் திரும்பக் கேட்கவும் போதிய வாய்ப்பு தர வேண்டும். நியாயமான காலத்தில் முடிவு சொல்ல வேண்டும். இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவு பெற்ற பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்களுக்கு இது பொருந்தும். அதாவது, முட்டை தோசை சுடும் வீடியோவை நீக்க வேண்டுமானால் போட்டவரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். முட்டைக் கணக்குச் செயலியை நீக்கினால் சொல்ல வேண்டியதில்லை. வீடியோ போனவர் மறுநாள் இன்னொன்று போட்டுக்கொள்வார். கணக்குப் போனவருக்குத் தொழிலே போகிறது. எங்கள் வழக்கு முழுவதும் இவ்வளவுதான்.

செயலிக் கடையும் அவ்விதிகள் சொல்லும் இடைநிலையர் (intermediary) தானே, 3(2)ஆம் விதி போதாதா என்று கேட்கலாம். குறைதீர் அலுவலர் 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு 7 நாளில் தீர்க்க வேண்டும் என்கிறது அது. 2022 அக்டோபர் திருத்தத்தால் அதற்கு மேல் மேல்முறையீட்டுக் குழுவும் வந்தது. முடிவு கிடைத்த 30 நாளுக்குள் அங்கே போகலாம். எல்லாம் சரி. ஆனால் எதை எதிர்த்து முறையிடுவது? காரணம் சொல்லும் கடமை 4(8)இல் இருக்கிறது, 3(2)இல் இல்லை. காரணம் இல்லாத முடிவை "முடிவில் மாற்றமில்லை" என்று 7 நாளுக்குள் திருப்பிச் சொன்னாலே 3(2) நிறைவேறிவிடுகிறது.

பறிக்கும் முன் விளக்கம் கேட்க வேண்டும் என்பதை நாமக்கல்லில் விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. இங்கே லாரி வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் தெரியும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 86ஆம் பிரிவின்படி, பெர்மிட்டை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ வேண்டுமானால் உரிமையாளர் விளக்கம் தர வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். அரசாங்கமே தான் கொடுத்த பெர்மிட்டை அப்படித்தான் பறிக்க முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஜூலை 12 முதல் நடப்பில் உள்ள 2019/1150 எண் ஒழுங்குவிதி செயலிக் கடைகளுக்கும் பொருந்தும். சேவையை முற்றாக நிறுத்துவதானால், சில விலக்குகள் தவிர, 30 நாளுக்கு முன்பே காரணத்துடன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தென் கொரியா 2021இல் திருத்திய சட்டம், செயலிப் பரிசீலனையை நியாயமின்றித் தாமதிப்பதையும் செயலியை நியாயமின்றி நீக்குவதையும் தடுக்கிறது. அங்கெல்லாம் கடைகள் மூடிக்கொண்டு போய்விடவில்லை.

மோசடிக் கடன் செயலிகளை என்ன செய்வது என்று தாங்கள் கேட்பீர்கள். 2022 செப்டம்பர் முதல் 2023 ஆகஸ்ட் வரை 2,200க்கும் மேற்பட்ட கடன் செயலிகளைக் கூகுள் நீக்கியதாக நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. நல்லது. அத்தகைய செயலியால் நொந்த குடும்பங்கள் எங்கள் தெருக்களிலும் உண்டு. அவசர ஆபத்து என்றால் முதலில் நிறுத்தட்டும், ஏழு நாளில் காரணம் சொல்லட்டும். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற ரகசியத்தையும் வெளியிட வேண்டாம். எந்தக் கணக்கோடு தொடர்பு என்ற ஒரு வரி போதும்.

கட்டணத்தைப் பற்றி நாங்கள் பேசவில்லையே என்று தோன்றலாம். தங்கள் கோப்பில் எங்கள் மனுவைக் "கமிஷன் பிரச்சினை" என்று தலைப்பிட்டு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டோம். அது தவறு. ப்ளே ஸ்டோர் கட்டண விதிகளுக்காக 2022 அக்டோபர் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்ததும், 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்ததும் எங்களுக்குத் தெரியும். அது பெரிய இடத்துச் சண்டை. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரையிலான வருமானத்துக்குக் கமிஷன் 15 சதவீதம் என்கிறார்கள். அந்த வரம்பு எங்களில் ஒருவரையும் உறுத்தாது. எங்கள் பண்ணையாளர்கள் சந்தாவை யு.பி.ஐ.யில் அனுப்புகிறார்கள். வாடகை அதிகம் என்று நாங்கள் வரவில்லை. காரணம் சொல்லாமல் கதவைப் பூட்டுகிறார்கள் என்றுதான் வருகிறோம்.

ஆகவே முதன்மைக் கோரிக்கை: 4(8)ஆம் விதியில் செயலிக் கடைகளையும், "பதிவு" என்பதோடு உருவாக்குநர் கணக்கையும் சேர்க்குமாறு, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 87ஆம் பிரிவின் கீழ் விதி செய்யும் அதிகாரம் கொண்ட ஒன்றிய அரசுக்கு இத்துறை எழுத்து மூலம் பரிந்துரை அனுப்ப வேண்டும், அதன் நகலை இச்சங்கத்துக்குத் தர வேண்டும்.

பொதுக்குழுவில் நிறைவேறியதால் பின்வருவனவும் சேர்க்கப்படுகின்றன.

2023 நவம்பர் 13க்குப் பின் தொடங்கிய தனிநபர் ப்ளே கணக்குகளுக்கு 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதனை செய்யும் நிபந்தனை உள்ளதால் (முதலில் 20 பேர் என்றிருந்தது), அரசு பொறியியல் கல்லூரிகளில் தன்னார்வச் சோதனையாளர் பட்டியல் ஒன்று பராமரிக்கப்பட வேண்டும்.

செல்லாத சொடுக்குகள் எனக் கூறி விளம்பர வருமானம் ரத்து செய்யப்படும் நேர்வுகளில் (எங்கள் திருச்செங்கோடு உறுப்பினர் ஒருவருக்கு, வழங்கல் வரம்பான 100 டாலரை எட்டுவதற்குச் சற்று முன்பு இப்படி நேர்ந்தது) நாள்வாரி விவரம் தரப்பட வேண்டும் என்பதும் பரிந்துரையில் சேர்க்கப்பட வேண்டும்.

அரசுத் துறைச் செயலிகள், 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட இண்டஸ் ஆப்ஸ்டோர் போன்ற இந்தியக் கடைகளிலும் வெளியிடப்பட வேண்டும்.

செயலிக் கடைகளின் கொள்கை ஆவணங்கள் தமிழில் கிடைக்க ஆவன செய்யப்பட வேண்டும்.

சேலம் கருப்பூர் மினி டைடல் பூங்காவில் சங்கத்துக்கு ஒரு சிறு அறை ஒதுக்கப்பட வேண்டும்.

முதன்மைக் கோரிக்கை நிறைவேறினால், மேற்கண்ட ஐந்தையும் தாங்கள் ஆற அமரப் பரிசீலிப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
(ஒப்பம்)
செயலாளர்

இணைப்பு:
1. முந்தைய மனுக்களின் நகல் – 3
2. ஒப்புகை அட்டை – 1
3. தங்கள் அலுவலகப் பதில் (ஒரு வாக்கியம்) – 1
4. கணக்கு மூடல் மின்னஞ்சல் நகல், கடையின் பெயர் மறைக்கப்பட்டது – 1
5. சுய முகவரியிட்ட, தபால்தலை ஒட்டிய உறை – 1