கார் லீஸ் முடியுதா? கட்டின காசை மறந்துட்டு கணக்குப் போடுங்க

கம்பெனி மூலமா எடுத்த கார் லீஸ் முடியப் போகுதுன்னா, நம்மில் பலர் ரெண்டு அணியா பிரிஞ்சிடறோம். "நாலு வருஷமா சம்பளத்துல பிடிச்சாங்களே, இப்ப விட்டா நஷ்டம்"னு அதே காரை வாங்கறவங்க ஒரு அணி. "வரி மிச்சமாகுதே"னு பழசைக் கொடுத்துட்டு உடனே அடுத்த லீஸ்ல கையெழுத்துப் போடறவங்க இன்னொரு அணி. என்னைக் கேட்டா, ரெண்டு காரணமுமே தப்பு.

முதல் அணிக்கு: நீங்க கட்டினது வாடகை. நாலு வருஷம் ஓட்டினதோட அது சரியாப் போச்சு. பத்து வருஷம் வாடகை கொடுத்தோம்ங்கறதுக்காக யாரும் அந்த வீட்டையே வாங்கறதில்லையே! இன்னைக்குக் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். இதே மாடல், இதே வருஷம், இதே கிலோமீட்டர் ஓடின கார் வெளியே என்ன விலைக்குக் கிடைக்கும்?

லீஸ் முடிவுல காரை வாங்கக் கொடுக்க வேண்டிய தொகைக்கு ரெசிடுவல் வேல்யூன்னு பேர். இது பெரும்பாலும் ஒப்பந்தம் போடும்போதே முடிவாகிடும். மார்க்கெட் விலை அப்படி நிக்காது. 2025 செப்டம்பர் 22லேருந்து சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்துலேருந்து 18 சதவீதமா குறைஞ்சது. புது கார் விலை இறங்கும்போது பழைய கார் விலையும் இறங்கத்தான் பார்க்கும். 2022ல போட்ட ஒப்பந்தத்துக்கு இதெல்லாம் தெரியாது.

ஒரு உதாரணம். ரெசிடுவல் வேல்யூ 3.5 லட்சம், டயர், பேட்டரி, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் 60,000 ரூபாய்னு வச்சுக்கோங்க. மொத்தம் 4.1 லட்சம். அதே நிலைமைல ஒரு கார் வெளியே எல்லாச் செலவும் சேர்த்து 5 லட்சம்னா, தாராளமா வாங்குங்க. 3.8 லட்சம்தான்னா சாவியைக் கொடுத்துட்டு வந்துடுங்க. வித்தியாசம் பத்து, பதினஞ்சாயிரம்தான்னா, தெரிஞ்ச காரே மேல். அது எங்க அடிபட்டது, எப்ப சர்வீஸ் ஆச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும்.

கணக்குல விட்டுப்போற சில விஷயங்கள் இருக்கு. ரெசிடுவல் வேல்யூ ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலானு கேளுங்க. நோ கிளெய்ம் போனஸ் பாலிசி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் சொந்தம். லீசிங் கம்பெனி பேர்ல இருந்தா உங்களுக்கு வராது, பிரீமியம் கூடும். ஆர்சி வேற மாநிலத்துல பதிவாகியிருந்தா, என்ஓசி வாங்கி இங்க வந்து சாலை வரி கட்டணும். ஆர்சில லீஸ் பதிவாகியிருந்தா, அதை நீக்க படிவம் 35 வேணும். மார்க்கெட்டைவிடக் குறைச்சு வாங்கினா அந்த வித்தியாசத்துக்கு வரி பிடிப்பாங்களான்னு பேரோல்ல மெயில் போட்டுக் கேளுங்க. திருப்பிக் கொடுக்கறவங்க, கூடுதல் கிலோமீட்டருக்கும் கீறலுக்கும் எவ்வளவு பிடிப்பாங்கன்னு ஒப்பந்தத்துல பாருங்க.

ரெண்டாவது அணிக்கு: வரி மிச்சம் உண்மைதான். ஆனா 30 சதவீத ஸ்லாப்ல இருக்கறவருக்கு 20,000 ரூபாய் வாடகைல சுமார் 6,000 மிச்சம்னா, மீதி 14,000 அவர் பாக்கெட்லேருந்துதான் போகுது. 6,000 மிச்சம் பிடிக்க 14,000 செலவு பண்றதுக்குப் பேர் சேமிப்பு இல்லை. கார் எப்படியும் வேணும்னா லீஸ் நல்ல வழிதான். வரிக்காக மட்டும் கார் எடுக்காதீங்க.

இன்னொரு விஷயம். வாங்கறதுதான் லாபம்னு கணக்கு சொன்னாலும், அவசரகால நிதியைத் துடைச்சு அந்தப் பணத்தைக் கட்டாதீங்க. வேலை போற மாசத்துல கார் சோறு போடாது. லோன் போட்டா, பழைய காருக்கு வட்டி பொதுவா புது காரைவிட அதிகம். அந்த வட்டியையும் கணக்குல சேருங்க.

இதையெல்லாம் கடைசி வாரத்துல செய்ய முடியாது. ஹெச்ஆர் மெயில் வர்ற வரைக்கும் காத்திருந்தா, அவங்க காட்டற ரெண்டு ஆப்ஷன்ல ஒண்ணை டிக் பண்ணத்தான் நேரம் இருக்கும். லீஸ் முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடியே ரெசிடுவல் வேல்யூவை எழுத்துல வாங்குங்க. ரெண்டு, மூணு இடத்துல பழைய கார் விலை விசாரிங்க. அப்படியே, வாரத்துல எத்தனை நாள் கார் எடுக்கறோம்னு எண்ணிப் பாருங்க. ஞாயித்துக்கிழமை மட்டும்தான்னு பதில் வந்தா, மூணாவதா ஒரு வழி இருக்கு: கொஞ்ச நாள் கார் இல்லாம இருந்து பாருங்க.